925: வெள்ளி நகையில் பொறித்த எண்ணின் பொருள்

வெள்ளி மோதிரத்தின் உட்புறத்தையோ சங்கிலியின் கொக்கியையோ கூர்ந்து நோக்கினால், மிகச் சிறிய எழுத்தில் 925 என்னும் எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதனைக் கடையின் மாதிரி எண் என்று கருதிச் செல்வோர் பலர். உண்மையில் அது அந்த நகையின் பிறப்புச் சான்று. ஆயிரம் பங்கு உலோகத்தில் 925 பங்கு வெள்ளி, எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதே அதன் பொருள். இக்கலவைக்கு உலக வணிகத்தில் வழங்கும் பெயர் ஸ்டெர்லிங் வெள்ளி.

“அப்படியானால் இது சுத்த வெள்ளி இல்லையா?” என்ற ஐயம் உடனே எழும். சுத்த வெள்ளி இல்லைதான். ஆயினும் அணிவதற்கு ஏற்ற வெள்ளி இதுவே. அந்த ஏழரை விழுக்காடு செம்பு ஏமாற்றுவதற்காகச் சேர்க்கப்பட்டதன்று. நகை நகையாக நிலைப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. கலப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் அளவறிந்து, வெளிப்படையாகச் சொல்லிச் சேர்க்கும் கலப்பு ஒன்று. சொல்லாமல் சேர்க்கும் கலப்பு வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் வாடிக்கையாளருக்கு வாங்கும்போதும், விற்கும்போதும், அடகு வைக்கும்போதும் இழப்பு நேராது.

தூய வெள்ளியின் குறை

பொன்னுக்கு அடுத்தபடியாக எளிதில் வளையவும் நீளவும் வல்ல உலோகம் வெள்ளி. மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துவதில் உலோகங்கள் அனைத்திலும் முதலிடம் அதற்கே. ஒளியைத் திருப்பி வீசுவதிலும் அதற்கு நிகரில்லை. ‘வெள்ளி’ என்று தமிழர் நிறத்தையே பெயராக இட்டது பொருத்தமே.

இத்தனை மென்மையே நகைக்குக் குறையாகிறது. தூய வெள்ளியில் செய்த மோதிரம் கைப்பையின் பிடியை அழுத்திப் பிடித்தாலே வட்டம் குலையும். சங்கிலியின் கண்ணிகள் நாளடைவில் நீண்டு திறந்துகொள்ளும். கல்லைப் பற்றியிருக்கும் நகங்கள் தளர்ந்து, கல் எங்கோ உதிர்ந்துவிடும். மெட்டியும் கொலுசும் நடக்குந்தோறும் தரையில் உராய்பவை. தூய வெள்ளியில் செய்தால் விரைவில் தேய்ந்து மெலியும்.

மென்மை சில வேலைகளுக்கு வேண்டப்படுவதும் உண்டு. கொல்கத்தாவிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் சென்றடையும் கட்டக் நகரில், ‘தாரகசி’ என்னும் வெள்ளிக்கம்பிப் பின்னல் வேலை பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. முடியிழை போன்ற கம்பியை இழுத்து, முறுக்கி, பூவாகவும் இலையாகவும் சுருட்டுவதற்கு மிகு தூய்மையுள்ள வெள்ளியே ஒத்துழைக்கும். அவ்வாறே பூசைப் பாத்திரம், நாணயம், குழந்தைக்குப் பாலாடை முதலியவற்றையும் உயர்ந்த தூய்மையில் செய்யலாம். அவை நாள் முழுதும் உடலோடு உராய்பவை அல்ல. எந்தப் பொருள் எதற்குப் பயன்படப் போகிறது என்பதைக் கொண்டே வெள்ளியின் தரம் தீர்மானிக்கப்படுகிறது.

ஏன் செம்பு? ஏன் ஏழரைப் பங்கு?

வெள்ளியின் அணுக்கள் சந்தையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்களைப் போல ஒழுங்கான வரிசைகளில் அமைந்தவை. அழுத்தம் கொடுத்தால் ஒரு வரிசை மற்றொன்றின்மேல் எளிதாக வழுக்கும். அதுவே மென்மையின் காரணம். செம்பின் அணு, வெள்ளியின் அணுவைக் காட்டிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறியது. வரிசைகளின் இடையே அது புகுந்தவுடன் ஒழுங்கு சற்றே குலைகிறது. வழுக்கும் பாதையில் தடை உண்டாகிறது. இதனால் ஸ்டெர்லிங் வெள்ளியின் கடினம் தூய வெள்ளியைப் போல இரு மடங்கிற்கும் மேலாகிறது. சுத்தியலால் தட்டியும் கம்பியாக இழுத்தும் வேலை செய்யும்போது அது இன்னும் உறுதி பெறுகிறது.

செம்பினால் வேறு நன்மைகளும் உண்டு. தூய வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. ஸ்டெர்லிங் கலவையோ 800 பாகையைச் சற்றுக் கடந்ததும் உருகத் தொடங்குகிறது. வார்ப்பு வேலைக்கு இது எளிது. வெள்ளியின் நிறத்தையும் ஏழரை விழுக்காடு செம்பு கெடுப்பதில்லை. கண்ணால் பார்த்து வேறுபாடு கண்டுபிடிப்பது அரிது. செம்பின் அளவு மிகுதியாகும்போதுதான் மஞ்சள் சாயல் தெரியத் தொடங்கும்.

அளவு ஏன் ஏழரை? ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் இதனைத் தீர்மானித்தது பண்டைய இங்கிலாந்தின் எடைக் கணக்கு. அங்கே ஒரு பவுண்டு எடை 240 பென்னி எடைகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 222 பங்கு வெள்ளியும் 18 பங்கு செம்பும் கொண்டதே நாணய வெள்ளி. 222-ஐ 240-ஆல் வகுத்தால் சரியாக 0.925 கிடைக்கும். நார்மன் காலத்து வெள்ளிக் காசுக்கு வழங்கிய பெயரே ‘ஸ்டெர்லிங்’. அதுவே பிரிட்டனின் பணத்திற்கும் பின்னர் இக்கலவைக்கும் நிலைத்தது.

பிற்கால அறிவியலும் இந்த அளவை ஏற்றுக்கொண்டது. திடநிலையில் உள்ள வெள்ளி, 780 பாகை அளவிலான வெப்பத்தில், எடையில் அதிகபட்சம் 8.8 விழுக்காடு வரை செம்பைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஏழரை அந்த எல்லைக்குள் அடங்குகிறது. எனவே இக்கலவையைச் சூடாக்கிச் செம்பு முழுவதையும் கரையச் செய்யலாம். பிறகு மிதமான வெப்பத்தில் வைத்திருந்து கடினத்தைக் கூட்டவும் செய்யலாம்.

கலவை மட்டும் போதாது, அதற்கு ஒரு சாட்சியும் வேண்டும் என்பதை இங்கிலாந்து விரைவில் உணர்ந்தது. முதலாம் எட்வர்டு மன்னரின் 1300-ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்டெர்லிங் தரத்திற்குக் குறைந்த வெள்ளிப் பொருளை விற்கலாகாது என்றும், சோதித்த பொருளில் சிறுத்தைத் தலை முத்திரை பதிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1478 முதல் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்திற்கே பொருள்களைக் கொண்டுவந்து முத்திரை பெற வேண்டியதாயிற்று. மண்டபம் என்னும் பொருள்படும் ‘ஹால்’ என்ற சொல்லிலிருந்து பிறந்ததே ‘ஹால்மார்க்’.

கொல்கத்தாவின் ரூபாயும் தமிழரின் சவரனும்

வங்காளியர் வெள்ளியை ‘ரூபோ’ என்பர். ரூபாய் என்னும் சொல்லின் வேரும் இதுவே. ‘ரூப்யம்’ என்றால் உருவம் பொறித்த வெள்ளி. நமது பணத்தின் பெயரே முத்திரையிட்ட வெள்ளியைத்தான் குறிக்கிறது.

அந்த முத்திரையை நாட்டின் பெரும்பகுதிக்கும் இட்ட நகரம் கொல்கத்தா. ஹூக்ளி ஆற்றங்கரையில், ஸ்ட்ராண்ட் சாலையில், கிரேக்கக் கோயிலின் முகப்பை ஒத்த பழைய நாணயச் சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1824-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1829-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1952-இல் நாணயச் சாலை அலிப்பூருக்கு மாறியது.

அந்தச் சாலையில் உலோகத்தின் தூய்மையைச் சோதிக்கும் தலைமை அதிகாரியாக 1832-இல் பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகரின் பிராமி எழுத்துகளை 1837-இல் படித்துக் காட்டியவராக வரலாறு அவரை நினைவில் கொண்டுள்ளது. அவர் பெயர் தாங்கிய படித்துறையில் மாலை நேரத்தில் காற்று வாங்க வருவோர், வெள்ளியின் வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு என்பதை அறிந்திருப்பதில்லை. நாடெங்கும் ஒரே எடை, ஒரே தூய்மை கொண்ட நாணயம் வேண்டும் என்ற சீர்திருத்தத்திற்கு உழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிறைவேற்றியது. ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு கலப்பு. இதே எடையும் தூய்மையும் கொண்ட ரூபாய் 1818 முதலே சென்னை மாகாணத்தில் புழங்கி வந்தது என்பது நமக்கு உவப்பான செய்தி.

பன்னிரண்டில் பதினொரு பங்கு என்பது ஆயிரத்திற்கு 916.7. இந்த எண்ணைத் தமிழர்கள் நன்கறிவர். நாம் ‘916 தங்கம்’ என்று கூறும் 22 காரட் தங்கத்தின் தூய்மையும் இதுவே. நமது ‘சவரன்’ என்னும் சொல் பிரிட்டனின் பொன் நாணயத்திலிருந்து வந்தது. அதன் தூய்மையும் பன்னிரண்டில் பதினொன்றே. கொல்கத்தாவின் பவ்பஜார் நகைக்கடைகளில் இன்றும் வழங்கும் ‘பரி’ என்னும் அளவு 11.66 கிராம், அது பழைய வெள்ளி ரூபாயின் எடையேதான். தமிழர் பொன் நாணயத்தின் எடையால் அளக்க, வங்காளியர் வெள்ளி நாணயத்தின் எடையால் அளக்கின்றனர். காசு போய்விட்டது, அதன் எடை மட்டும் கடைத்தெருவில் வாழ்கிறது.

ஸ்டெர்லிங்குக்கும் ரூபாய் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஏறத்தாழ எட்டுப் பங்கு மட்டுமே. நாணயமும் கைமாறிக் கைமாறித் தேய்வதால், அதற்கும் நகைக்கும் தேவை ஒன்றாகவே இருந்தது: உறுதியும் வேண்டும், வெள்ளியும் குறையலாகாது. இதனால்தான் ஊர்ப்புற மக்கள் ரூபாய்களையே தட்டானிடம் கொடுத்துக் கொலுசும் தண்டையும் செய்துகொண்டனர். எத்தனை ரூபாய் கொடுத்தோமோ அத்தனை ரூபாய் எடையில் நகை திரும்பி வர வேண்டும்; தராசின் ஒரு தட்டில் காசு, மறு தட்டில் நகை. எழுத்தறியாதவருக்கும் விளங்கிய கணக்கு அது. நாணயச் சாலையின் முத்திரையே அவர்களுக்கு ஹால்மார்க்காகப் பயன்பட்டது.

அந்தத் துணை நிலைக்கவில்லை. 1893-இல், பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து நாணயமாக மாற்றிக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. 1940-இல் போர்க்கால நெருக்கடியால் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு என மற்ற பாதி நிரம்பியது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. போர்க் காலத்தில் அமெரிக்கா இந்தியாவுக்கு 22 கோடிக்கும் மேற்பட்ட அவுன்ஸ் வெள்ளியைக் கடனாகக் கொடுத்திருந்தது. வெள்ளியாகப் பெற்ற கடனை வெள்ளியாகவே திருப்ப வேண்டும் என்பது உடன்பாடு. அதற்காகத் திரும்பப் பெற்ற பாதி வெள்ளி நாணயங்களை உருக்கிப் பிரிக்கும் பணி அலிப்பூரில் நடைபெற்றது. கலப்பது எளிது, பிரிப்பது கடினம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை.

முத்திரை இல்லாத காலம்

நாணயத்திற்கு அரசின் முத்திரை இருந்தபோதும், நகைக்கும் பாத்திரத்திற்கும் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் அரசு முத்திரை இருந்ததில்லை. கொல்கத்தாவில் 1808-இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனம் ஆளுநர்களுக்கும் அரசர்களுக்கும் வெள்ளிப் பொருள்கள் செய்து புகழ் பெற்றது. அது தன் பொருள்களில் தனது பெயரெழுத்துகளையும் யானை உருவத்தையும் தானே பொறித்துக்கொண்டது. பவானிபூரின் வங்காளப் பட்டறைகள், தென்னை மரம், குடிசை, மாட்டு வண்டி எனக் கிராமக் காட்சிகளைப் புடைப்பாகத் தட்டியெடுத்த வெள்ளிப் பொருள்களுக்குப் பெயர் பெற்றவை. அங்கேயும் பட்டறையின் பெயரே உறுதிமொழி. செய்தவரின் நாணயத்தை நம்புவதன்றி வேறு வழியில்லை.

‘நாணயம்’ என்ற சொல் தமிழில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது தற்செயலன்று. காசைச் சோதிப்பவனுக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயரிட்டு, அத்தொழிலைச் சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே ஏற்றி வைத்த மொழி நம்முடையது. உலோகத்தைச் சோதிப்பவர் ஒருவர், விற்பவர் மற்றொருவர் என்று இருக்கும்போதுதான் வாங்குபவர் நிம்மதியடைய முடியும்.

கொலுசும் டச்சும் பொடியும்

தமிழகத்தின் கொலுசுத் தலைநகர் சேலம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் உள்ளிட்ட பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன. அங்கும் மற்ற வெள்ளிச் சந்தைகளிலும் தூய்மையைக் குறிக்க வழங்கும் சொல் ‘டச்’. நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதே டச். ஸ்டெர்லிங் என்பது தொண்ணூற்றிரண்டரை டச். எழுபது, எண்பது டச்சிலும் கொலுசுகள் செய்யப்படுகின்றன. விலை குறைவு, உறுதி மிகுதி என்பதால் அவற்றை விரும்பி வாங்குவோரும் உண்டு. டச்சைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அதில் தவறில்லை. எழுபது டச் கொலுசைத் தொண்ணூற்றிரண்டரை விலைக்கு விற்கும்போதுதான் வாடிக்கையாளர் வஞ்சிக்கப்படுகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கண்ணிகளையும் சலங்கைகளையும் இணைக்கத் தட்டார் பயன்படுத்தும் பற்றுக்குப் ‘பொடி’ என்று பெயர். வெள்ளியைக் காட்டிலும் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்காக, அதில் செம்பும் துத்தநாகமும் மிகுதியாகக் கலந்திருக்கும். ‘பொடி வைத்துப் பேசுகிறார்’ என்று நாம் கூறுவது தட்டார் பட்டறையில் பிறந்த வழக்கே. வளையல் போன்ற நகையில் இணைப்புகள் குறைவு; நெருங்கிய கண்ணிகள் கொண்ட கொலுசில் நூற்றுக்கணக்கு. ஆகவே நல்ல வெள்ளியில் செய்த கொலுசைக்கூட மொத்தமாக உருக்கினால், பொடியின் அளவுக்கேற்பத் தூய்மை சற்றுக் குறைந்து காட்டும். பழைய கொலுசை மாற்றும்போது கடைக்காரர் கழிவு கூறுவதற்கு இது ஒரு நியாயமான காரணம். அந்தக் கழிவு எவ்வளவு என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

வெள்ளியே இல்லாத ‘வெள்ளி’யும் சந்தையில் உண்டு. ‘ஜெர்மன் சில்வர்’ என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. ‘ஆக்சிடைஸ்டு’ என்று விற்கப்படும் கறுப்பு நகைகளுள் உண்மை வெள்ளியும் உண்டு, வெள்ளி முலாம் பூசிய பித்தளையும் உண்டு. நிக்கல் கலந்த நகை சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும்.

இன்றைய முத்திரை

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தங்கத்திற்கு 2000-ஆம் ஆண்டிலும் வெள்ளிக்கு 2005-ஆம் ஆண்டிலும் ஹால்மார்க் முறையைத் தொடங்கியது. 800 தொடங்கிப் பல தூய்மைத் தரங்கள் வெள்ளிக்கு ஏற்கப்பட்டுள்ளன. 925 அவற்றுள் ஒன்று. தங்க நகைக்கு 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. வெள்ளிக்கு அது விருப்பத்தின் பேரிலானது.

2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும், தங்கத்தைப் போலவே, ஆறு இலக்கத் தனி அடையாள எண் கொண்ட ஹால்மார்க் நடைமுறைக்கு வந்துள்ளது. அத்தகைய பொருளில் மூன்று குறிகள் இருக்கும்: ‘சில்வர்’ என்ற சொல்லுடன் பி.ஐ.எஸ். சின்னம், தூய்மைத் தரம், எச்.யு.ஐ.டி. எனப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். அந்த அடையாளத்தைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், நகை பற்றிய பதிவு விவரங்களைச் சரிபார்க்கலாம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திக் கூற வேண்டும். வெறும் 925 என்ற எண் மட்டும் பொறித்திருந்தால், அது செய்தவரின் கூற்று மட்டுமே. பி.ஐ.எஸ். சின்னமும் அடையாள எண்ணும் சேர்ந்திருந்தால்தான், அது விற்பவரல்லாத வேறொருவர் சோதித்துக் கூறிய சான்றாகும். எண்ணைப் பொறிக்க ஓர் உளி போதும். சான்றுக்குச் சோதனைக்கூடம் வேண்டும்.

வங்கியின் கண்ணில் வெள்ளி

தூய்மை இன்று கடன் கணக்கிலும் நேரடியாக நுழைந்துள்ளது. தங்கம், வெள்ளி ஈட்டின் பேரில் கடன் வழங்குவது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். வெள்ளி நகைகளையும் நாணயங்களையும் ஈடாக ஏற்க அவை இடமளிக்கின்றன. கட்டி வெள்ளிக்குக் கடன் இல்லை. ஒருவர் ஈடு வைக்கக்கூடிய வெள்ளி நகைக்கு 10 கிலோவும், வெள்ளி நாணயத்திற்கு 500 கிராமும் உச்ச வரம்பு. எல்லா வங்கிகளும் எல்லாக் கிளைகளிலும் வெள்ளிக் கடன் தருவதில்லை. தங்கள் கிளையில் கேட்டறிக.

வாடிக்கையாளர் கவனிக்க வேண்டிய விதிகள் மூன்று. முதலாவது, ஈட்டின் மதிப்பு அதன் உண்மையான தூய்மைக்குரிய விலையிலேயே கணக்கிடப்படும். கடந்த 30 நாள்களின் சராசரி விலை, முந்தைய நாளின் விலை இவற்றுள் குறைந்ததே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவது, கற்களுக்கும் செய்கூலிக்கும் மதிப்பில்லை. உலோகத்திற்கு மட்டுமே மதிப்பு. மூன்றாவது, சோதனை செய்யும்போது கடன் பெறுபவர் உடனிருக்க வேண்டும்; சோதனை விவரங்கள் அடங்கிய சான்றும் அவருக்கு வழங்கப்பட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு எளிமையாக இருக்க, தூய வெள்ளி கிராமுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் எடையுள்ள இரண்டு இணைக் கொலுசுகள் உள்ளன. ஒன்று 925 தரம். அதில் உள்ள வெள்ளி 185 கிராம், மதிப்பு 18,500 ரூபாய். மற்றொன்று எழுபது டச். வெள்ளி 140 கிராம், மதிப்பு 14,000 ரூபாய். இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நுகர்வுக் கடனுக்கு மதிப்பில் அதிகபட்சம் 85 விழுக்காடு வழங்கலாம் என்பதால், முதல் கொலுசுக்கு 15,725 ரூபாய் வரையும் இரண்டாவதற்கு 11,900 ரூபாய் வரையும் கடன் பெறலாம். எடை ஒன்று, தோற்றம் ஒன்று. கையில் வரும் தொகையில் 3,825 ரூபாய் வேறுபாடு. குடும்பத்தில் அவசரச் செலவு வரும் நாளில் அந்த வேறுபாடு சிறிதாகத் தெரியாது. நகை வாங்கிய நாளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்ட வேறுபாடு அது.

நாகரிக வடிவமைப்புடன் வரும் 925 நகைகள் பெரும்பாலும் எடைக்கன்றி உருப்படிக்கு விலை வைத்து விற்கப்படுகின்றன. அவற்றின் விலையில் வேலைப்பாட்டுக்கும் கல்லுக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் உரிய பங்கு பெரிது; உலோகத்தின் பங்கு சிறிது. அணிந்து மகிழ வாங்குவோர் தாராளமாக வாங்கலாம். சேமிப்பாகக் கருதி வாங்குவோர் எடையையும் தூய்மையையும் தனித்தனியே கேட்டறிந்து வாங்குவதே அறிவுடைமை.

கறுப்பது குற்றமா?

ஸ்டெர்லிங் வெள்ளி கறுக்கும். கறுத்தால் போலி என்று கருத வேண்டாம். காற்றில் சிறிதளவில் உள்ள கந்தகச் சேர்மங்களுடன் வெள்ளி வினைபுரிந்து, மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு என்னும் கரும்படலம் உண்டாகிறது. தூய வெள்ளியும் கறுக்கும். செம்பு சேர்ந்த வெள்ளி சற்று விரைவாகக் கறுக்கும். ஈரப்பதம் இதனைத் தூண்டும். கொல்கத்தாவின் மழைக்காலமும் சென்னையின் கடற்காற்றும் இவ்வகையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வெள்ளியை வைப்போர் பலர் கொலுசுகளை ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கின்றனர். ரப்பரில் கந்தகம் உண்டு. சில மாதங்களில் வளையம் பட்ட இடமெல்லாம் கருங்கோடு விழும். கம்பளித் துணியும் தவிர்க்கத்தக்கது. ஒவ்வொரு பொருளையும் மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வைப்பது நல்லது. நாள்தோறும் அணியும் நகை அதிகம் கறுப்பதில்லை; உடலின் உராய்வே அதற்கு மெருகு.

கறுத்த நகையைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் கழுவுவது தட்டார் அறிந்த பழைய முறை. மற்றொரு முறையும் உண்டு. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீரும் ஆப்ப சோடாவும் இட்டு, வெள்ளி அந்தத் தாளைத் தொடும்படி சில நிமிடங்கள் வைத்தால், கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்திற்கு மாறும். வெள்ளி தேயாது. ஆனால் முத்து, கல் பதித்த நகைகளையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடுகளையும் இவ்வாறு செய்யலாகாது. சாம்பலோ பற்பொடியோ கொண்டு அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும். ஒவ்வொரு முறையும் சிறிது வெள்ளியும் போகும்.

வாங்கும்போது நினைவில் கொள்க

1. நாள்தோறும் அணியும் நகைக்கு 925 ஏற்றது. நாணயம், பூசைப் பொருள், கம்பிப் பின்னல் ஆகியவற்றுக்கு அதனினும் உயர்ந்த தூய்மையைக் கேட்கலாம்.

2. 925 என்ற எண்ணுடன் பி.ஐ.எஸ். சின்னமும் ஆறு இலக்க அடையாளமும் உள்ளனவா என்று பார்த்து, செயலியில் சரிபார்க்கவும்.

3. ரசீதில் மொத்த எடை, கல் நீக்கிய எடை, தூய்மை, செய்கூலி ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘வெள்ளிக் கொலுசு’ என்று மட்டும் எழுதிய ரசீது போதாது.

4. திரும்பக் கொடுத்தால் என்ன கழிவு என்பதை அன்றே கேட்டு, ரசீதின் பின்புறமாயினும் எழுதி வாங்கவும்.

5. ரசீதை நகையுடன் சேர்த்துப் பாதுகாக்கவும். விற்கும் நாளிலும் அடகு வைக்கும் நாளிலும் அதன் பயன் தெரியும்.

தமிழ் மரபில் இடுப்புக்குக் கீழே பொன் அணிவதில்லை. குழந்தையின் அரைஞாணும், மணமகளின் மெட்டியும், சிறுமியின் கொலுசும் வெள்ளியே. ஏழை வீட்டிலும் இருக்கும் உலோகம் அது. பல குடும்பங்களுக்கு முதல் சேமிப்பும் அதுவே. சிலப்பதிகாரத்தில் சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற வினாவுக்கு விடை காணச் சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது. விடை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இன்று எதையும் உடைக்க வேண்டியதில்லை. நகையின் உட்புறத்தில் உள்ள மூன்று சிறு குறிகளைப் படித்து, ரசீதையும் கேட்டு வாங்கினால் போதும்.